ஒடீல் வீட்டுச் சுவரில் ஒரு கல்

எதிர்வீட்டு ஜன்னலில் கொடி இல்லை. காலையில் பால் வாங்கப் போனபோது ஒடீல் அதைக் கவனிக்கவில்லை. டிசம்பர் இருட்டு சீக்கிரமே இறங்கிய அந்தச் சாயங்காலம் கதவைத் திறந்து பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. ரொட்டிக்கடையிலும் இல்லை, தேவாலய வாசலிலும் இல்லை. செப்டம்பரில் அமெரிக்கர்கள் வந்து அந்தப் பெல்ஜிய ஊரை மீட்ட நாளிலிருந்து பறந்த கொடிகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. அவர்களுடைய லாரிகள் நின்ற சதுக்கத்தில் சக்கரத் தடங்களைப் பனி மூடிக்கொண்டிருந்தது. பெட்ரோல் வாடையும் காபி வாசனையும் போய், ஈர விறகின் புகை மட்டும் மூக்கில் ஏறியது. காட்டுப் பக்கமிருந்து, யாரோ கனமான மேசையைத் தரையில் இழுப்பதுபோல, நிற்காத ஓர் உறுமல்.

ஜெர்மன்காரர்கள் திரும்பி வருகிறார்கள்.

தன் கொடியைக் கிழித்து அடுப்பில் திணித்தாள். அப்புறம்தான் கல் ஞாபகம் வந்தது. அவள் வாசலில் குண்டடிபட்டுச் செத்த அமெரிக்கச் சிப்பாய்க்காக ஊரே கூடி அவள் வீட்டுச் சுவரில் பதித்த கல். ‘எங்களை மீட்டவன் இங்கே விழுந்தான்.’

பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். கொத்தனார் ஃபிர்மனின் கதவு விரற்கடை அளவு திறந்தது.

“அண்ணே, உளிய எடுத்துக்கிட்டு வாங்க. கல்லப் பேத்துடலாம்.”

“எந்தக் கல்லு?”

“நீங்க பதிச்ச கல்லுதான்! என் வீட்டுச் சாராயத்தக் குடிச்சிட்டுப் பாட்டெல்லாம் பாடினீங்களே!”

“உன் வீடு, உன் சுவரு. என்னை இழுக்காத தாயி.”

தாழ்ப்பாள் விழுந்தது.

கோடரியின் பின்புறத்தால் அடித்தாள். ஒவ்வோர் அடியும் தெருவின் கடைசி வரை போய்த் திரும்பி வந்தது. கல்லில் கீறல்கூட விழவில்லை.

“ஏய், சத்தம் போடாத! நேரா இங்கதான் வருவானுங்க!” மூடிய ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ரொட்டிக்கடை ஸெலி.

“அப்ப நீ வந்து கை குடு ஸெலி!”

“ஏன்? தினம் பூ வெச்சியே, அவனக் கூப்பிடு.”

“நீயுந்தானே வெச்ச!”

ஜன்னல் இடுக்கில் தெரிந்த வெளிச்சம் அணைந்தது.

அடித்தாள். கை கிழிந்தது. கரியைக் குழைத்து அப்பினாள். வழிந்து இறங்கியது. மறுபடி அடித்தாள்.

உறுமல் நின்றது. மிக அருகில்.

பூட்ஸ்கள். ஒரு டார்ச் வெளிச்சம். கோடரி கையிலிருந்து நழுவியது.

ஜெர்மன் அதிகாரி கையுறையைக் கழற்றி எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவிப் படித்தான். தெருவில் இருந்த எல்லோரையும் வெளியே வரவழைத்தான்.

“இத வெச்சது யாருங்க?” விருந்துக்கு வந்தவன் கேட்பதுபோல அவ்வளவு மரியாதை.

ஒடீலின் கை எழுந்தது. ஃபிர்மனை நோக்கி.

அதற்குள் வெளிச்சம் தெருப்பக்கம் திரும்பியது.

கைகள். வாசலுக்கு வாசல். ஃபிர்மன். அவன் மனைவி. பாதிரியார். எல்லாக் கைகளும் அவளை நோக்கி. ஸெலியின் இடுப்பில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் குட்டி விரலையும் ஸெலி பிடித்து நீட்டிக்கொண்டிருந்தாள்.