எலிக்கும் பழத்துக்கும் நடுவே

அம்மா உணவு மேசையில் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தீயணைப்பு வண்டிகளுக்குக் குறுகிய வழியைக் காட்டும் வரைபடம் அவர் ஆக்கியது. நான்கு மணிக்குத் தீயணைப்பு அதிகாரி சோதிக்க வருகிறார். பத்து நொடிக்குள் வழி சொல்லாவிட்டால் ஆறு மாத உழைப்பும் வீண்.

வரைபடமோ இருபத்தைந்து நொடி யோசித்தது.

"அதுக்குள்ள நெருப்பு தானாவே அணைஞ்சிடும்," என்றார் அப்பா.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க!"

பத்து வயது வாலு திரையை எட்டிப் பார்த்தாள். தீயணைப்பு நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கு வழி தேடிய நீலநிறம், கொட்டிய மைபோல் எல்லாத் திசையிலும் பரவிற்று.

"ஏம்மா குளத்துப் பக்கமெல்லாம் போகுது?"

"எந்தச் சந்து எங்க போகும்னு அதுக்குத் தெரியாதுடி. கிட்ட இருக்கிறதிலேர்ந்து ஒவ்வொண்ணா பார்க்கும்."

தரையில் தம்பி, எலியைப் பழத்திடம் சேர்க்கும் புதிர்ப்படத்தில் வழிதெரியாமல் விசும்பினான்.

"அழாதடா. நீ எலிகிட்டேர்ந்து வா, நான் பழத்துகிட்டேர்ந்து வரேன்."

இரண்டு பென்சில்களும் நடுவில் முட்டிக்கொண்டன.

"அம்மா! அக்கா கடைசியிலேர்ந்து ஆரம்பிச்சு ஏமாத்துறா!"

வாலு பென்சிலைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.

"அம்மா, மருத்துவமனையிலேர்ந்தும் தேடச் சொல்லேன்! ஒரு பெரிய வட்டத்துக்குப் பதிலா ரெண்டு சின்ன வட்டம் போதுமே!"

அம்மாவின் விரல்கள் பறந்தன. ஒன்பதே நொடி! ஆனால் வழியைக் கண்டதும் வாலு அலறினாள்.

"ஐயோ, கடைத்தெரு ஒருவழிப் பாதைம்மா! வண்டி எதிர்த்திசையில போகுது!"

அம்மா தலையில் கைவைத்தார். "அந்த முனையிலேர்ந்து தேடும்போது, வண்டியே அங்கிருந்துதான் கிளம்புதுன்னு நெனச்சுக்கிச்சு."

"அப்போ அந்தத் தேடலுக்கு மட்டும் ஒருவழி அம்புக்குறியையெல்லாம் திருப்பிடும்மா."

திருப்பி முடிக்கவும் அழைப்புமணி ஒலிக்கவும் சரியாயிருந்தது.

அதிகாரி தம் ஓட்டுநரோடு வந்தார். மீசையை நீவியபடி, "நிலையத்திலேர்ந்து என் வீட்டுக்கு வழி கேளுங்க," என்றார்.

எட்டு நொடியில் நேரான ஒரு கோடு தோன்றியது.

"பிரமாதம்! எல்லா வண்டியிலயும் போட்டுடுங்கம்மா!" என்றவர் திடீரெனக் குனிந்து கோட்டை உற்றுப் பார்த்தார். "ஏம்ப்பா, இவ்வளவு கிட்டயா என் வீடு? அப்புறம் ஏன் தினமும் பேக்கரி வழியா சுத்திப் போறோம்?"

ஓட்டுநர் கூரையிலிருந்த மின்விசிறியை மிகுந்த அக்கறையுடன் ஆராயத் தொடங்கினார்.