மணி அடிக்க மறந்த சாயங்காலம்

வாயாடிக்கு வேறு நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் கோயில் உபதேசியார் ஒருமுறை அவளை அப்படிக் கூப்பிட்டுவிட்டார். அதோடு தெருவே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. கோயிலைத் திறப்பது, பெருக்குவது, மணி அடிப்பது, பூட்டுவது எல்லாம் உபதேசியார்தான். பங்குச் சாமியாரே அவருக்குக் கொஞ்சம் பயப்படுவார்.

அப்படிப்பட்ட வாயாடி சில நாட்களாக வாயே திறக்கவில்லை. மாதாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற கவலைதான் காரணம்.

அவளுடைய தம்பி குறை மாதத்தில் பிறந்தவன். அப்பாவின் கைக்குள் அடங்கிவிடுவான் போல அவ்வளவு சின்னதாக இருந்தான். ஆஸ்பத்திரியில் அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அம்மாகூடத் தூக்க முடியவில்லை. அன்று வாயாடி கோயிலின் பின்பக்கம் இருக்கும் மாதா கெபிக்கு ஓடினாள். குகை போலக் கல்லால் கட்டி, நடுவில் மாதா சிலையை நிறுத்தியிருக்கும் இடம் அது.

"தம்பி நல்லபடியா வீட்டுக்கு வந்தா உங்களைச் சுத்திப் பூவா நிறைச்சிடுவேன் மாதாவே. கடைப் பூ இல்ல. என் கையால வளர்த்த பூ" என்று வேண்டிக்கொண்டாள்.

தம்பி வந்துவிட்டான். இப்போது அவன் பாலுக்கு அழுதால் தெருக்கோடி வரை கேட்கிறது.

வாயாடியும் சொன்னபடி வேலையில் இறங்கினாள். அத்தை ஒரு தாளில் மடித்து விதைகள் கொடுத்தாள். என்ன பூ என்று அத்தைக்கே தெரியாது. கல் மாதிரி இருந்த அந்த விதைகளைத் தரையில் லேசாக உரசி, தண்ணீரில் ஊறப்போட்டு, கெபியின் ஓரத்தில் ஊன்றினாள். தினமும் காலையில் பள்ளிக்கூடம் போகும் வழியில் தண்ணீர் ஊற்றினாள். கொடி கிடுகிடுவென்று சுவரில் ஏறியது. மடக்கிய குடை போல முறுக்கிய மொட்டுகள் விட்டன.

ஆனால் ஒரு பூவைக்கூட அவள் பார்க்கவில்லை. காலையில் வந்தால் நனைந்த துணி போல என்னவோ துவண்டு தொங்கும். கீழேயும் உதிர்ந்து கிடக்கும்.

ஒருநாள் காலை உபதேசியாருக்குப் பொறுமை போய்விட்டது. பூக்காத கொடிக்குக் குப்பை பெருக்கியே இடுப்பு ஒடிகிறது என்றார். ஒரு பிளாஸ்டிக் பூச்சரம் வாங்கி வைத்திருப்பதாகவும், அது வாடாது, உதிராது, தண்ணீரும் கேட்காது என்றும் சொன்னார். மறுநாள் காலையில் கொடியைப் பிடுங்கப் போகிறாராம்.

 மாதாவிடமே பொய் சொன்னதுபோல ஆகிவிட்டதே. வாயாடிக்கு மாதாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் அந்தச் சிவப்பு நூல் கண்ணில் பட்டது. முந்தின நாள் காலை, எல்லாவற்றிலும் பெரிய மொட்டில் அவளே கட்டிய நூல் அது. நூல் அப்படியே இருந்தது. மொட்டு மட்டும் துவண்டு தொங்கியது. அதைப் பறித்து மோந்து பார்த்தாள். லேசாக வாசனை வந்தது.

"ஐயா, நேத்து இது மொட்டு. இன்னிக்கு வாடிப்போச்சு. அப்போ நடுவுல பூத்திருக்கணும் இல்ல?"

"பூத்திருந்தா யார் கண்ணுலயாவது பட்டிருக்காதா?"

"சாயங்காலம் இங்க யாரு இருக்கா?"

உபதேசியார் தலையைச் சொறிந்தார். பள்ளி விட்டதும் அவர் பின்வாசலைப் பூட்டிவிடுவார். முன்பக்கம் போய் மாலை மணி அடித்துவிட்டு, அப்படியே வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். வாயாடிக்கோ, அம்மா தையல் வேலைக்குப் போயிருக்கும் அந்த நேரத்தில் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

"சரி, இன்னிக்கு ஒரு சாயங்காலம் பார்ப்போம். மணி அடிக்கிற வரைக்கும்தான்" என்றார்.

சாயங்காலம் வாயாடி தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். உபதேசியார் கையில் பெரிய கத்தரிக்கோல் தயாராக இருந்தது. வெயில் இறங்கியது. சுவர் மங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. தம்பி அவள் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தான். உபதேசியார் மணிக்கூண்டுப் பக்கம் திரும்பினார்.

ஒரு மொட்டு நடுங்கியது.

காற்றே இல்லை. வேறு எதுவும் அசையவில்லை. அந்த மொட்டின் முறுக்கு மட்டும் தானாகத் தளர்ந்தது. வெள்ளை விளிம்பு ஒன்று எட்டிப் பார்த்து, கொஞ்சம் தயங்கியது. பிறகு அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல விரிந்தது. தம்பியின் முகம் அளவுக்கு, வட்டமான வெள்ளைப் பூ.

வாயாடிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மூச்சு விடக்கூடப் பயமாக இருந்தது. பக்கத்தில் இன்னொன்று நடுங்கி விரிந்தது. மேலே ஒன்று. மாதாவின் தோளருகே ஒன்று. பிறகு எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. சுவர் முழுக்க வெள்ளையாகிவிட்டது. எங்கிருந்தோ வந்தது போல வாசனை அவர்களைச் சூழ்ந்தது.

தம்பி பொத்தானை விட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினான். உபதேசியார் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"என்ன உபதேசியாரே, இன்னிக்கு மணி..." என்று கேட்டபடி வந்த பங்குச் சாமியார், பாதியில் நிறுத்திவிட்டு அங்கேயே நின்றார்.

"மறந்துட்டேன் ஃபாதர்" என்றார் உபதேசியார். இந்தக் கோயிலுக்கு வந்த நாளிலிருந்து அவர் மணியை மறந்தது அதுதான் முதல் தடவை. "தினமும் இப்படித்தான் பூத்திருக்கு. நான்தான் பூட்டிட்டுப் போயிருக்கேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் மணிக்கூண்டுக்கு ஓடினார். கத்தரிக்கோலை எடுக்க நினைவில்லை.

வாயாடி மாதாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். வாசலைப் பூட்டிவிட்டு எல்லோரும் போன பிறகும் மாதா இங்கேயேதான் நின்றிருக்கிறார். ஒவ்வொரு சாயங்காலமும், அவளுடைய பூக்களுக்கு நடுவில்.

"அப்போ நீங்க முதல் நாள்ல இருந்தே பார்த்துட்டுதான் இருக்கீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மணி அடிக்க ஆரம்பித்தது. வாயாடி சிரித்தபடி, தம்பியின் பிஞ்சு விரலைப் பிடித்து நெற்றியில் சிலுவை போடச் சொல்லிக் கொடுத்தாள்.