உள்ளே: 1

அன்று சம்பவ இடத்தில் இருந்தவர்கள்:

1. சத்தியநாதன், செக்யூரிட்டி சூப்பர்வைசர்.
2. ஷாகுல், செக்யூரிட்டி ஆபீசர், பின்கேட்.
3. ரவி, லிஃப்ட் ரிப்பேர்.
4. கங்கையம்மாள், ஹவுஸ்கீப்பிங்.

சம்பவப் பதிவேட்டில் இவ்வளவுதான். விழுந்தவளின் பெயர் அதில் இல்லை. மீன்காரி பூவம்மாள் வெளியாள். வெளியாட்களின் பெயர்கள் பின்கேட் மேசையில் இருக்கும் டேப்லெட்டில் ஏறும். அவள் பெயரும் ஏறியிருந்தது. உள்ளே வந்த நேரம் காலை 10:12. வெளியே போன நேரம் என்ற கட்டம் காலி. ஆம்புலன்ஸ் முன்கேட் வழியாகப் போனது, ஸ்ட்ரெச்சரில் போகிறவளை யாரும் வெளியே போனதாகப் பதியவில்லை.

அதனால் டேப்லெட்டின் மேல் மூலையில் பச்சை எழுத்தில் ஒரு வரி ஒன்பது நாளாக நின்றது. உள்ளே: 1.

பகலில் அது தெரியாது. வேலைக்காரப் பெண்கள், தண்ணீர் கேன் போடுபவர்கள், பிளம்பர்கள் என்று முப்பது நாற்பது பேர் வந்து போவார்கள், எண் ஏறி இறங்கும். மாலை ஆறு மணிக்கு மேல் ஒவ்வொருவராக வெளியேற, எண் கரைந்து கரைந்து கடைசியில் ஒன்றில் வந்து நிற்கும். முதல் இரண்டு நாள் ஷாகுல் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள், பெரிய ஆஸ்பத்திரியில் அவள் இறந்துவிட்டாள் என்று தகவல் வந்தது. அன்றிலிருந்து ஆறு மணி ஆனதும் டேப்லெட்டின்மேல் தன் கைக்குட்டையைப் போட்டு மூடினான்.

பெரும்பாக்கம் தாண்டி ஏரியைப் பார்த்து நிற்கும் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு அது. ஷாகுலுக்கு அங்கே ஏழு மாத வேலை. அதற்கு முன் தாம்பரம் மார்க்கெட்டில் மாமனாரின் செருப்புக் கடையில் நின்றான். சட்டைப் பையின் மேல் 'ஆபீசர்' என்று தைத்திருந்ததை முதல் மாதம் பெருமையாகவே போட்டுக்கொண்டான். இரண்டாம் மாதம் குச்சி வந்தது. முழங்கை நீளம், கறுப்பு, நுனியில் இரண்டு உலோகப் பற்கள். பட்டனை அழுத்தினால் பற்களுக்கிடையே நீலமாக ஒரு கோடு குதிக்கும், காய்ந்த சுள்ளியை ஒடித்ததுபோல ட்ரக் என்று சத்தம் வரும், பின்னாலேயே கருகிய ஒயர் வாசனை. கைப்பிடியில் ஒரு ஸ்டிக்கர்: நீர்த்துளி ஒன்று, அதன் குறுக்கே சிவப்புக் கோடு. ஷிப்டு தொடங்கும்போது காற்றில் மூன்று முறை அழுத்திப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு பெல்ட்டில் மாட்டலாம்.

கம்பெனி அதற்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தது. அதை ஆள்மேல் வைப்பதைச் சத்தியநாதன் 'டச்' என்றார். நடைபாதையில் பைக்கை நிறுத்திய டெலிவரி ஆளுக்கு ஒரு டச். மொட்டைமாடியில் பீடி பிடித்த பெயிண்டருக்கு ஒரு டச். மாடிப்படியில் வெற்றிலை துப்பிய கொத்தனாருக்கு இரண்டு. பதிவேட்டில் 'எச்சரிக்கப்பட்டார்' என்று எழுதுவார்கள். ஒருவரும் புகார் கொடுக்கவில்லை. குடியிருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கைதட்டும் படங்கள் வந்தன. ஷாகுல் அந்தப் படங்களை வீட்டில் மனைவி ஹஃபீசாவிடம் காட்டியிருக்கிறான்.

இப்போது ஹஃபீசா வேறொன்றைக் கேட்கிறாள். வந்ததும் வராததுமாக ஏன் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாய் என்று. மீன் வாசனை என்று அவன் சொல்லவில்லை. அவன் மீனைத் தொடவே இல்லை.

ஒன்பதாம் நாள் மதியத்திலிருந்தே மழை. மூன்று மணிக்கே வானம் இருட்டி, ஆறரைக்கு முழு ராத்திரிபோல ஆகிவிட்டது. கரண்ட் போயிருந்தது. ஜெனரேட்டர் முன்கேட் விளக்குகளுக்கு மட்டும்தான், லிஃப்ட்டுக்கோ பின்பக்கத்துக்கோ இல்லை. குடியிருப்பவர்களின் லிஃப்ட் முன்னால் கங்கையம்மாள் கைவிளக்கை வைத்துக்கொண்டு துடைத்துக்கொண்டிருந்தாள். அன்று அது நான்காவது தடவை. அந்த ஒரு இடம் மட்டும் காய மாட்டேன் என்கிறது, மேலே ஒழுகவும் இல்லை, பினாயில் போட்டாலும் கவுச்சி போகவில்லை என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். சொல்லும்போது அவனைப் பார்க்கவில்லை. அந்த நாலு பேரும் ஒன்பது நாளாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை.

பின்கேட்டில் ஒரு பெண் நனைந்துகொண்டே வந்து நின்றாள். மஹாலட்சுமி, பூவம்மாளின் மகள். கூப்பிடு தூரத்தில் இருக்கும் அரசுக் குடியிருப்பில்தான் தாயும் மகளும் இருந்தார்கள், கடற்கரையிலிருந்து அவர்களை அங்கே கொண்டுவந்து வைத்து ஆறு வருடம். ஏற்கெனவே இரண்டு முறை வந்து சத்தியநாதனிடம் பேசிவிட்டுப் போயிருந்தாள். இன்று அவரைக் கேட்கவில்லை.

"அண்ணா, அந்த டேப்ல எங்கம்மா பேரு கீதாமே. ஒரு போட்டோ எட்த்துகினு பூட்றேன்."

எதற்கு என்று கேட்டான். அவர்கள் பிளாக்கில் ஒரு வக்கீல் அம்மா வந்து பேசினார்களாம். வெளியே போன நேரம் பதியவில்லையென்றால் அவள் தன் காலால் நடந்து வெளியே வரவில்லை என்பதற்கு அது ஒன்றே போதும் என்றார்களாம். நடந்து போனவள் தெருவில் விழுந்தாள் என்று நாளைக்கு இவர்கள் மாற்றிச் சொல்ல முடியாதாம்.

ஷாகுல் கைக்குட்டையை எடுக்கவில்லை.

"நீயும் அங்கதானே இருந்தே. வயிக்கித்தான் வுயுந்துச்சா?"

"வழுக்கித்தான்மா. தரை ஈரமா இருந்துது."

"அப்ப இடுப்பாண்ட கறுப்பு கறுப்பா புள்ளி கீதே, அது இன்னாது? ரெண்டு ரெண்டா கீது. ஆறு. குளிப்பாட்டசொல்லோ நான்தான் எண்ணுனேன்."

மழை தகரக் கூரைமேல் கொட்டியது. ஒரு டச்சுக்கு இரண்டு புள்ளி. அவன் கணக்கும் ஆறுதான்.

அன்று காலை சர்வீஸ் லிஃப்ட்டை ரவி பிரித்துப் போட்டிருந்தான். ஒன்பதாவது மாடியில் சாஹிரா டீச்சர் வஞ்சிரம் சொல்லியிருந்தார். பூவம்மாளுக்கு முட்டி வலி. ஐஸும் மீனுமாக நிரம்பிய அலுமினிய அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு குடியிருப்பவர்களின் லிஃப்ட்டில் ஏறிவிட்டாள். அவ்வளவுதான் குற்றம். சத்தியநாதன் இறங்கச் சொன்னார். டீச்சர் காத்துக்கொண்டிருப்பார், ஒரே ஒரு தடவை போய்விட்டு வந்துவிடுகிறேன் என்றாள். சத்தியநாதன் ஷாகுலைப் பார்த்து, அலுத்துப்போன குரலில், "டச் பண்ணுப்பா," என்றார்.

அவளுக்குக் குச்சி என்றால் என்னவென்று தெரியாது. டார்ச் என்று நினைத்திருக்கலாம். டச் என்றால் தொடு என்பது மட்டும் தெரியும். கையைப் பிடித்து இழுக்கப்போகிறான் என்று எண்ணிக்கொண்டாள். சொட்டுகிற கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.

"தொடாதப்பா. ஈரமா கீறேன்."

அவன் சட்டை நாறிப்போகும் என்பதற்காகச் சொன்னாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன சொல் இல்லை. அது ஷாகுலுக்கு அப்போதே புரிந்தது. ஸ்டிக்கரில் இருந்த நீர்த்துளியும் நினைவுக்கு வந்தது. வைத்தான்.

முதல் தடவை அவள் கூடையை விடவில்லை. இரண்டாவது தடவை விட்டாள். ஐஸும் மீனும் லிஃப்ட்டுக்குள் சிதறின, அவள் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக விழுந்தாள். ரவி சிரித்தான். அவள் அண்ணாந்து ஷாகுலைப் பார்த்தாள். கோபமாக இல்லை. சொன்னது சரியாகக் காதில் விழவில்லையோ என்று பார்ப்பதுபோல.

மூன்றாவது, பழக்கதோஷம். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓடுகிற விரல். ஒன்பது நாளாக இப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஆனால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இடைவெளி இருந்தது. லிஃப்ட் கதவு மூடிக்கொள்ள வந்து, அவள் காலில் இடித்து, திறந்து, மறுபடி மூட வந்து இடித்துத் திறக்கும் அளவுக்கு நீளமான இடைவெளி. அவ்வளவு நேரமும் அவன் யோசித்துக்கொண்டுதான் நின்றான்.

வாக்கிடாக்கி கரகரத்தது. பின்கேட் எண்ணிக்கையை இன்றைக்காவது சரிசெய்தாயா என்று சத்தியநாதன் கேட்டார். ஏழு மணிக்கு ஜீரோ காட்ட வேண்டும். ஜீரோ என்று சொன்னால் அவர் வந்து பின்பக்கக் கதவுகளைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்.

ஷாகுல் முதுகைத் திருப்பி நின்று கைக்குட்டையை எடுத்தான். பெயரைத் தொட்டான். வெளியே போன நேரம் என்று கேட்டது. 10:40 என்று அடித்தான். பச்சை எழுத்து கண் சிமிட்டியது. உள்ளே: 0.

"பாரும்மா. போயிருக்காங்க," என்று அவள் பக்கம் திருப்பிக் காட்டினான்.

மஹாலட்சுமி திரையைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள், தாய் பார்த்த அதே மாதிரி.

"சரிண்ணா," என்றாள். "கூடையாவது குடு. அது எங்களுது."

கூடை சார்ஜிங் ரூமில் இருந்தது. அவன் வாக்கிடாக்கியில் "ஜீரோ சார்" என்றான். அதை மேசையில் வைத்துவிட்டு மழையில் முற்றத்தைக் கடந்து ஓடினான். போய்ச் சேர்வதற்குள் உள்பனியன் வரை நனைந்துவிட்டது.

மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத சின்ன அறை அது. இரும்புக் கதவு, தாழ்ப்பாள் வெளியே. சுவரில் நான்கு குச்சிகளுக்கு நான்கு மாட்டி, பேட்டரியில் எரியும் சிவப்புப் புள்ளிகள். அவன் குச்சி பெல்ட்டில் இருந்ததால் மூன்று புள்ளிகள்தான் எரிந்தன. செல்போன் வெளிச்சத்தை அடித்தான். கூடை மூலையில் தரையில் இருந்தது. ஒன்பது நாள் முன்பு அவனே கழுவிக் கவிழ்த்து வைத்தது. இப்போது நிமிர்ந்திருந்தது.

கிட்டப் போனான். விளிம்பு வரை தண்ணீர். மேலே ஐஸ் கட்டிகள் மிதந்தன. கரைந்த கட்டிகள் அல்ல. இப்போதுதான் உடைத்துப் போட்டதுபோல முனை கூராக இருந்தன.

தொட்டுப் பார்க்கக் குனிந்தான். போன் நழுவி உள்ளே விழுந்தது. வெளிச்சம் தண்ணீருக்கடியில் சற்று நேரம் பச்சையாக எரிந்துவிட்டு அணைந்தது.

இருட்டு. மூன்று சிவப்புப் புள்ளிகள். வெளியே மழை.

உள்ளேயும் சொட்டுச் சத்தம். கூடையிலிருந்து அல்ல. அவனுக்குப் பின்னால், கதவுப் பக்கம். மெதுவாக. ஒரு ஆள் உயரத்திலிருந்து.

கவுச்சி. கருகிய ஒயர்.

பெல்ட்டைத் தொட்டான். கொக்கி காலியாக இருந்தது.

ட்ரக்.

நீல வெளிச்சத்தில் தரை முழுவதும் ஈரம் பளபளத்தது. அதில் அவனுடைய பூட்ஸ். அதற்கு எதிரே இரண்டு வெறுங்கால்கள். விரல்களில் செதில்.

இருட்டு.

ட்ரக்.

இன்னும் கிட்டே. இடுப்புக்கு நேராக இரண்டு உலோகப் பற்கள். அதைப் பிடித்திருந்த கை சொட்டிக்கொண்டிருந்தது.

இருட்டு.

மூன்றாவது வரவில்லை.

வரவில்லை. அந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்று அவனுக்குத் தெரியும். அவனுக்கு மட்டும்தான் தெரியும். எங்கோ மேலே, கரண்ட் இல்லாத கட்டடத்தில், லிஃப்ட் கதவு மூட வந்து எதன்மேலோ இடித்துத் திறந்தது.

வெளியே காலடி. குடைமேல் மழை. சாவிக்கொத்து.

கத்த வாயைத் திறந்தான். வந்தது அவன் நினைத்த சொல் இல்லை. சத்தமும் இல்லை, மூச்சுதான்.

"தொடாத," என்றான். "தொடாதம்மா. ஈரமா இருக்கேன்."

எதிரே ஒன்றும் அசையவில்லை. சொன்னது காதில் விழுந்ததோ இல்லையோ, தெரியவில்லை. மேலே கதவு மறுபடி வந்து இடித்தது.

வெளியே சத்தியநாதன் கொட்டாவி விட்டார். "ஜீரோ," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டு விழுந்தது. சாவி ஒருமுறை திரும்பியது.

இரண்டு முறை.