எட்டு மூங்கிலும் ஒரு புது மொழியும்

எனக்குச் சும்மா உட்கார வராது. அந்த வாரமோ கேட்கவே வேண்டாம்! சனிக்கிழமை இந்தோனேசியாவில் எங்கள் பாண்டுங் பள்ளியில் விழா. மேடையில் எங்கள் இயந்திரம் அங்க்லுங் வாசிக்க வேண்டும்.

அங்க்லுங் ஆட்டினால் ஒலிக்கும் மூங்கில் வாத்தியம். ஒன்றுக்கு ஒரே ஒரு சுரம். அதனால் ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக் கூட்டமாக வாசிப்போம். எங்கள் இயந்திரத்தில் ஆட்களுக்குப் பதில் எட்டு மோட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கணினி அட்டை.

நிரல் முழுவதையும் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதியவன் என் நண்பன் ஹில்மி. எல்லாம் சரிதான். ஆனால் வேகமான பாட்டில் முதல் சுரமான பெரிய 'டோ' மட்டும் பிந்திக்கொண்டே வந்தது.

"பேசாம எல்லாத்தையும் ரஸ்ட்டுக்கு மாத்திடலாம்டா," என்றேன். அந்தப் புதுக் கணினி மொழியை விடுமுறையில்தான் கற்றிருந்தேன். கை துறுதுறுவென்றிருந்தது.

"விழா வாரத்துலயா? உனக்கென்ன கிறுக்கா, கினாந்தி?"

"அப்ப பழசையே கட்டிக்கிட்டு அழு!"

"நல்லாத்தானே ஓடுது?"

"எங்கே ஓடுது? நொண்டுது!"

ஐயோ, வாய் முந்திவிட்டது. ஹில்மியின் முகம் சுண்டிப்போனது.

"நீயே பாத்துக்கோ. நான் மேடைக்கு வரல," என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அவன் இல்லாமல் எனக்கு மேடை எதற்கு? அறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். அழுகை வந்தது.

பக்கத்து அறையில் சின்னப் பிள்ளைகள் அங்க்லுங் பழகிக்கொண்டிருந்தார்கள். 'மி' வாசிக்கும் பையனுக்குக் காய்ச்சலாம். டீச்சர் அந்த 'மி'யை மட்டும் வேறொரு பிள்ளையிடம் கொடுத்தார். மற்றவர்கள் அவரவர் இடத்திலேயே நின்றார்கள். பாட்டு ஜோராகப் போனது.

அட! எங்கள் அட்டைகளும் அப்படித்தானே?

ஓடிப்போய் உட்கார்ந்தேன். 'டோ' ஒன்றுக்கு மட்டும் ரஸ்ட்டில் எழுதினேன். தப்பு வர வர, எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு மறுபடி எழுதினேன். ஹில்மியின் மற்ற ஏழு அட்டைகளையும் தொடவே இல்லை.

மறுநாள் அவன் கேன்டீனில் பத்தாகோர் என்ற பொரித்த மீன் பலகாரம் தின்றுகொண்டிருந்தான்.

"சண்டை போட வந்தியா?"

"இல்லடா. நொண்டுதுன்னு சொன்னது தப்புதான், மன்னிச்சுக்கோ. ஒரே ஒரு தடவை வந்து கேளு."

வந்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. பாட்டு தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அவன் விரல் மேசையில் தாளம் போட்டது.

"எதுவும் பிந்தலையே!"

"'டோ' மட்டும் ரஸ்ட். மீதி ஏழும் உன்னோடதுதான். சரிவரலன்னா உன் பழைய 'டோ'வையே போட்டுக்கலாம். பத்திரமா வச்சிருக்கேன்."

"ரெண்டு மொழியும் ஒண்ணா வாசிக்குதா?"

"நீயும் நானும் ஒண்ணா இருக்கல?"

சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை.

சனிக்கிழமை அரங்கமே கைதட்டியது. அந்தச் சத்தத்தில் ஹில்மி என் காதருகே குனிந்தான்.

"அடுத்தது 'ரே'. ஆனா அதை நான்தான் மாத்துவேன். நீ பக்கத்துல உக்காந்து சொல்லிக்கொடு."

"உக்காரணுமா?" என்றேன்.

"ஆமா. ஆடாம அசையாம!"

திங்கட்கிழமை உட்கார்ந்தேன். கால்களை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.