தைத்த காது

விலங்கு மருத்துவமனையின் மூலையில் அந்தப் பழுப்பு நாய் சுருண்டு கிடந்தது. மதியம் யாரோ தெருவிலிருந்து தூக்கி வந்து விட்டுப் போயிருந்தார்கள். காலுக்குக் கட்டுப் போட்டாயிற்று. கிண்ணத்துப் பாலை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இருட்டறதுக்குள்ள சொந்தக்காரங்க வரலைன்னா, காப்பகத்து வண்டியில ஏத்திடுவாங்க," என்றார் மாமா. அங்கே கணினியைக் கவனிப்பது அவர் வேலை. பள்ளி விட்டதும் நேரே அவர் அறைக்கு வந்துவிடும் அக்கா மகளை எல்லோரும் வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"யாரோட நாய்னு கம்ப்யூட்டரைக் கேளுங்க மாமா!"

"அதுக்குப் புரியற மாதிரி கேக்கணும். இங்க மூணு அட்டவணை இருக்கு. ஒண்ணுல விலங்குங்க. ஒண்ணுல அதை வளர்க்கிறவங்க. இன்னொண்ணுல நாம பார்த்த வைத்தியம். ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு எண். அந்த எண்ணைப் பிடிச்சு மூணையும் கோத்துடலாம். எது வேணும், என்ன நிபந்தனை, அதை மட்டும் நீ சொல்லு."

"பழுப்பு நாய்!"

மாமா தட்டினார். திரையில் பெயர்கள் மளமளவென்று இறங்கின.

"அடேயப்பா! ஊர்ல இருக்கிற நாயெல்லாம் பழுப்பா?"

"நீ கேட்டதைத்தான் அது குடுக்கும்."

"சரி, பழுப்பு நாய், வலது முன்னங்கால் உடைஞ்சது."

இப்போது திரை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. ஒரு வரிகூட இல்லை.

"உங்க கம்ப்யூட்டர் சுத்த மக்கு!"

"என்னைத் திட்டு, தாங்கிக்கறேன். அதைத் திட்டாதே."

வாண்டு சிரிக்கவில்லை. நாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருந்தன.

கட்டு வெள்ளை வெளேரென்று புதிதாக இருந்தது. கால் உடைந்தது இன்றைக்கு. அது கணினிக்கு எப்படித் தெரியும்? முன்பே யாராவது சொல்லி வைத்ததுதானே அதற்குத் தெரியும்!

அப்படியென்றால், இதன் உடம்பில் பழையது எது?

மெல்லத் தடவிப் பார்த்தாள். முதுகு, கழுத்து, காது. இடது காதின் ரோமத்துக்கு அடியில் விரலில் ஏதோ நெருடியது. தையல் போட்டாற்போல் ஒரு தழும்பு.

"மாமா, கால் உடைஞ்சதை எடுத்துடுங்க! பழுப்பு நாய், இடது காதுல தையல் போட்டது!"

ஒரே ஒரு வரி வந்தது. நாயின் பெயர் சிப்பாய். பக்கத்திலேயே வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும்.

"இதேதானான்னு எப்படித் தெரியும்?" மாமா தயங்கினார்.

"அதுக்குப் புரியற மாதிரி கேட்டாப் போச்சு," என்ற வாண்டு, நாயின் முகத்தருகே குனிந்தாள்.

"சிப்பாய்?"

தைத்த காது விருட்டென்று நிமிர்ந்தது. வால் தரையில் டப் டப்பென்று அடித்தது. மாமா தொலைபேசியை எடுத்தார்.