மிதிங்க, உடுங்க

மக்கீன் பின்சக்கரத்தடியில் படுத்திருப்பதாகத்தான் தவமணி நினைத்திருந்தாள். அவருடைய குரலோ நேராக அவளுடைய பாதங்களுக்குக் கீழிருந்து வந்தது.

"மிதிங்க, மிஸ்."

மிதித்தாள்.

"உடுங்க."

விட்டாள்.

பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை இப்படித்தான் எடுக்க வேண்டும் என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார். ஒருவர் உள்ளே இருந்து மிதிக்க, மற்றவர் கீழே கிடந்து சக்கரத்தின் ஆணியைத் திறந்து மூட வேண்டுமாம். கண்டியில் பொறியியலாளராக இருந்த தவமணி ஆசைப்பட்டு வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. இருக்கைகள் இரண்டே இரண்டு. பழுதுபார்க்கும் கம்பனி கொழும்பில். இந்தப் பிரேக்கோடு கொழும்பு வழியில் கடுகண்ணாவை மலை வளைவுகளில் இறங்கப் பயந்துதான் அலவத்துகொடையில் மக்கீனின் கராஜுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

பின்னேர மழை தகரக் கூரையில் விடாமல் கொட்டியது. சுவரோரம் அடுக்கியிருந்த டயர்களின் ஈர வாடையும் பழைய எண்ணெயின் காறலும் கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே வந்து, தாழ்ந்த கூரைக்கும் அவள் தலைக்கும் நடுவிலிருந்த அந்தச் சின்ன இடத்தை மெல்ல மெல்ல நிரப்பின.

"மிதிங்க."

மிதித்தாள். இந்த முறை அடுத்த சொல் வரவில்லை. கால் கடுக்கத் தொடங்கியது.

"மக்கீன் நானா, முடிஞ்சுதோ?"

"விடாதை, தவம்."

மக்கீன் இப்படிப் பேசுகிறவர் அல்ல. தவம் என்று அவளைக் கூப்பிடுகிறவர்கள் யாழ்ப்பாணத்து வீட்டு மனிதர்கள் மட்டுமே.

அப்போது தெருவைக் கடந்து குடையோடு ஒருவர் வந்தார். கையில் பிரேக் ஒயில் டின். மக்கீன்.

"பொறுங்க மிஸ்! ஒயில் வாங்கப் போனேன். இன்னும் வேல தொடங்கல்லியே. யாரோட பேசுறீங்க?"

தவமணி காலை வெடுக்கென்று எடுத்தாள். கதவை இழுத்தாள். திறக்கவில்லை. தோளால் இடித்தாள். அசையவில்லை.

"நானா, கதவு! கதவைத் திறவுங்கோ!"

மக்கீன் ஓடிவந்து வெளியிலிருந்து கைபிடியைப் பற்றி இழுத்தார். இழுத்தபடியே குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இரத்தமே இல்லை. உதடுகள் ஏதோ ஓதின. ஓரடி பின்வாங்கினார். இன்னும் ஓரடி. முதுகு சுவரில் முட்டியது. டின் விழுந்து உருண்டது.

கீழே சத்தம் இல்லை.

மக்கீனின் பார்வை மெதுவாக மேலே ஏறியது. காரின் அடியிலிருந்து கதவுக்கு. கதவிலிருந்து கண்ணாடிக்கு. அவளைத் தாண்டி, பக்கத்து இருக்கைக்கு.

தவமணி திரும்பவில்லை. இரண்டு கால்களையும் இருக்கைமேல் இழுத்து, முழங்கால்களைக் கட்டிக்கொண்டாள்.

பிரேக் மிதி தானாகக் கீழே போனது. மெதுவாக. தரைவரைக்கும்.

பக்கத்தில், காதோரம், ஈரமான மூச்சு.

"விடட்டோ, தவம்?"