டேப் ஒட்டிய அறை

செத்துப்போனவரின் வேலையை அவர் மனைவிக்குக் கொடுப்பது கருணை. அதே அறையில் கொடுப்பதற்கு இயக்குநர் வேறு பெயர் வைத்திருந்தார்: தொடர்ச்சி.

முதல் நாள் காலை அவள் காளான் ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது இயக்குநரே வாசல்வரை வந்து அழைத்துப் போனார். நடைபாதை நெடுக அவருடைய புகைப்படங்கள். விருது வாங்குகிறார், ரிப்பன் வெட்டுகிறார், ஒரு காளானைத் தான் பெற்ற பிள்ளையைப்போலப் பார்க்கிறார்.

கோடியில் வளர்ப்பு அறை. சர்க்கரைக் கரைசல் நிறைந்த குடுவைகள் ஆட்டும் மேடையில் வட்டமடித்துக்கொண்டிருந்தன. உள்ளே காளான் இழைகள் வெள்ளை உருண்டைகளாகச் சுழன்றன. ஒவ்வொரு குடுவையின் வாயிலும் பஞ்சுத் தக்கை. நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை.

சுவரில் இருந்த காற்றுத் துவாரங்கள்மேல் அகலமான டேப்.

"இருபத்தஞ்சு டிகிரிம்மா. அரை டிகிரி ஏறினாலும் இழை கோவிச்சுக்கும். அதான் வெளிக்காத்தே வேணாம்னுட்டேன். உள்பக்கக் கைப்பிடியையும் கழட்டியாச்சு. ஆளுங்க சும்மா சும்மா கதவைத் திறக்கறாங்க."

"இழையும் மூச்சு விடுமே சார். இருக்கற காத்தை அதுவே இழுத்துட்டா, உள்ள இருக்கற ஆளு?"

"அவருக்கு இதயம் பலவீனம்மா."

போன மாதம் இந்தக் கதவுக்குப் பின்னால்தான் அவள் புருஷனைக் கண்டெடுத்தார்கள். அவர் நகங்களுக்கடியில் கதவின் பெயின்ட் இருந்தது. பலவீனமான இதயம் அவ்வளவு பெயின்ட்டைச் சுரண்டாது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டேப்பைக் கிழிங்க சார். கிழிக்காம நான் இங்க வேலை பாக்கறதா இல்ல."

"ஆராய்ச்சின்னா என்னன்னு தெரியுமாம்மா உனக்கு? என்னோட முப்பது வருஷ..."

மேடை நின்றது.

விளக்கு எரிந்தது. மேடையின் சுவிட்சும் போட்டபடியே இருந்தது. குடுவைகள் மட்டும் அசையவில்லை.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளித்தாழ்ப்பாள் விழுந்தது, நிதானமாக, பழகிய கை போடுவதுபோல.

பஞ்சுத் தக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே இழுபட்டன.

வெளியே தள்ளப்பட்டன.

மறுபடி உள்ளே.

"யாரு அது?" என்றார் இயக்குநர். குரலில் பாதிதான் வந்தது. டையைத் தளர்த்தினார். உதடு நீலம் பாரித்தது. அவள் நின்ற இடத்தில் மட்டும் காற்று குளிர்ந்து, தாராளமாக இருந்தது. யாரோ அவள் முகத்துக்கு நேரே விசிறுவதுபோல.

"கதவைத் திறம்மா."

"எதைப் பிடிச்சு சார் திறக்கறது?"

அவர் சுவரில் பாய்ந்து நகத்தால் டேப்பைப் பிறாண்டினார். ஒரு துவாரம் திறந்தது. தாழ்ப்பாள் அசையவில்லை. கடைசித் துவாரமும் திறந்த பிறகுதான் அது விலகியது.

முப்பது வருட ஆராய்ச்சி நான்கு காலில் தவழ்ந்து வெளியேறியது. தன் புகைப்படம் ஒன்றின் கீழே எழுந்து நின்று, டையைச் சரிசெய்துகொண்டது.

"கதவு ரிப்பேர். அவ்வளவுதான். டேப்பை மறுபடி ஒட்டச் சொல்றேன். இழை வீணாயிடும்."

மூச்சு வந்ததும் முதல் வேலையாகப் பொய் சொன்னார்.

சாயங்காலம் அவள் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டப் போனாள். அடுத்த கொக்கியில் அவள் புருஷனின் கோட்டு, போன மாதம் விட்டபடியே தொங்கியது. கழுத்துப்பட்டை வியர்வையில் நனைந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது.

"நாளைக்கும் அந்தாளு வருவாருங்க," என்றாள் மெதுவாக. "நீங்க எங்கயும் போயிடாதீங்க."

கோட்டின் வெறும் கை, முஷ்டி மடக்குவதுபோல, மெல்லச் சுருண்டது.